நட்சத்திர வெளிச்சம் படாத வெற்றிலை

காளியண்ணனுக்கு நாற்பத்தெட்டு வயது வரைக்கும் வானத்தோடு எந்தத் தகராறும் கிடையாது. பரமத்தி வேலூருக்குக் கிழக்கே, ராஜவாய்க்கால் ஓரத்தில் அரை ஏக்கர் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். காலையில் செருப்பை வரப்பில் கழற்றிவிட்டு உள்ளே போனால் உச்சிக்குத்தான் வெளியே வருவார். அகத்தி மரங்களின் ஊடே விழுகிற வெயில், தரையில் காசு காசாகக் கிடக்கும். அந்தக் காசுகள் பெரிதாகிவிட்டால் இலை தடித்துப் போகும், காணாமல் போனால் கொடி சோம்பிவிடும். அதைப் பார்த்து அகத்திக் கிளையை வெட்டுவதும் விடுவதும்தான் அவருடைய வேலை.

முப்பது வருஷம் இப்படி இருந்ததில், எதையும் நிழலை வைத்தே எடை போடுகிற பழக்கம் வந்துவிட்டது. கரூர் பஸ்ஸில் ஏறினால், போகும்போது எந்தப் பக்கம் வெயில் என்று கண்டக்டரைக் கேட்டு, உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிட்டு உட்காருவார். பெண் பார்க்கப் போன இடத்திலும் கந்தம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை. வாசல் வேப்பமரம் எந்தத் திக்கில் நிற்கிறது என்று பார்த்துவிட்டுச் சம்மதம் சொன்னார்.

"என்னையவா கட்டுனாரு? அந்த வேப்ப மரத்தைக் கட்டுனாரு. அது கூட வரலைன்னு இன்னமும் வருத்தம்" என்று கந்தம்மாள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்துநாலு மார்கழியில் இவர்களுடைய ஒரே மகள் கமலவேணிக்குச் சம்பந்தம் கூடிவந்தது. சேந்தமங்கலத்து வெங்கடாசலத்தின் இளைய மகன். தை பிறந்து பத்தாம் நாள் பெண் வீட்டில் வெற்றிலை பாக்கு மாற்றி நிச்சயம் செய்வதென்று பேச்சு. கொடிக்கால் வைத்திருக்கிற வீட்டில், நிச்சயத் தட்டுக்கு வெற்றிலை வெளியில் வாங்குவது கிடையாது. சொந்தக் கொடியில், பெண்ணைப் பெற்றவர் கையால் கிள்ளிய இலைதான் தட்டில் இருக்க வேண்டும். இலை எப்படியோ அப்படித்தான் அந்த வீடு என்று வருகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

அந்த மார்கழியில் பார்த்து, மேற்கோரத்து ஐந்து பாத்திகளில் இலை விளிம்பு மஞ்சளித்தது.

"அங்க தண்ணி நிக்குதுங்க. வடிகாலைத் தோண்டி உடுங்க" என்றாள் கந்தம்மாள்.

"தண்ணி பத்து வருசமா நிக்குது. இந்த வருசந்தானே மஞ்சக் கண்டிருக்குது?" என்றார் காளியண்ணன். இதற்குப் பதில் இல்லையென்று அவருக்கு நினைப்பு. பத்து வருஷமாக அந்த வடிகாலை அவர் கண்ணில் படாமல் தானே தோண்டிவந்ததையும், இந்த வருஷம் இடுப்பு வலியால் விட்டுவிட்டதையும் கந்தம்மாள் சொல்லவில்லை. சொன்னால் பத்து வருஷத்துக்கும் சேர்த்துச் சண்டை வரும்.

விஷயம் இந்த நிலைமையில் இருக்கும்போதுதான் வாத்தியார் மாரியப்பன் பிரசங்கம் செய்தார்.

மாரியப்பன் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். பரமத்தி வேலூர்ப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தார். சேலத்துக் காலேஜில் வேலை பார்த்த சிநேகிதர் ஒருவர் மூலமாக இங்கிலீஷ் புத்தகங்கள் வரவழைத்துப் படிப்பார். படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்து முற்றத்தில், நட்சத்திரங்களுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றிப் பேசினார். கூட்டம் முடிந்ததும் சுண்டல் உண்டு என்று சொல்லியிருந்ததால் இருபது பேர் வந்திருந்தார்கள்.

"நட்சத்திரத்துக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவுல வெறும் வெளி இல்லை. வாயு இருக்கு. முக்காலே மூணு வீசம் ஹைட்ரஜன். ஆனா ரொம்ப லேசு. ஒரு படி கொள்ற இடத்துல ஆயிரம் ரெண்டாயிரம் துகள் தேறினா அதிகம்."

"அத்தனை எடத்தையும் சும்மாவா போட்டு வெச்சிருக்குது?" என்று முன்வரிசையில் இருந்து காளியண்ணன் கேட்டார். அவருக்கு உண்மையிலேயே மனசு கேட்கவில்லை.

வாத்தியார் மேலே போனார். ஒவ்வொரு ஹைட்ரஜன் துகளிலும் நடுவில் ஒரு கரு, அதைச் சுற்றி ஒரே ஒரு எலக்ட்ரான். மிகமிகச் சூடான, நீலம் பாய்ந்த நட்சத்திரங்கள் சில உண்டு. அவை ஊதா நிறத்துக்கும் அப்பால், கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளியை வீசும். அது பட்டதும் எலக்ட்ரான் பிய்த்துக்கொண்டு ஓடிப்போகும். அலைந்து திரிந்து இன்னொரு கருவோடு ஒட்டும்போது சிவப்பாய் ஒளி விடும். மறுபடி அடி விழும், மறுபடி பிய்யும்.

"இதுக்கு ஒரு எல்லை இருக்கு. அந்த எல்லைக்குள்ள வாயு மொத்தமும் பிய்ஞ்சு கிடக்கும். எல்லையில வந்து அந்த ஒளி செலவாகித் தீர்ந்துபோகும். அதைத் தாண்டினா துகள் முழுசா, இருட்டா இருக்கும். எந்த நட்சத்திரத்துக்கு எவ்வளவு தூரம் எல்லைன்னு அஞ்சாறு வருஷத்துக்கு முன்னாடிதான் ஐரோப்பாவுல ஒருத்தர் கணக்குப் போட்டுச் சொன்னார்."

பின்வரிசையில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். வாத்தியாருக்கு வருத்தமாக இருந்தது. எப்படியாவது இவர்களுக்குப் புரிய வைக்க வேண்டும் என்று, அவர் அன்றைக்குச் செய்த ஒரே தப்பைச் செய்தார்.

"உங்க கொடிக்காலையே எடுத்துக்குங்களேன். அகத்தி நிழல் இருக்கிறதால வெயில் உள்ளே வராம கொடி பிழைக்குதில்லையா? வானத்துலயும் தூசி அடர்ந்த மேகங்கள் இருக்கு. அந்த ஒளி அதுக்குள்ள நுழைய முடியாது. உள்ளே நிழலா, குளிர்ச்சியா இருக்கும். துகளும் துகளும் ஜோடி சேர்ந்து பத்திரமா இருக்கும். அசல் கொடிக்கால்தான்!"

காளியண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இருட்டியதும் வாத்தியார் எல்லோரையும் வெளியே அழைத்துப்போய், கிழக்கே வரிசையாக நின்ற மூன்று நட்சத்திரங்களைக் காட்டினார். அதற்குக் கீழே புகை படிந்தாற்போல் ஒரு மங்கல். அதற்குள் நாலைந்து நீல நட்சத்திரங்கள் இருந்துகொண்டு சுற்றியிருக்கிற வாயுவைப் பிய்த்தெறிகின்றன என்றார். மற்றவர்கள் சுண்டலுக்குப் போய்விட்டார்கள். காளியண்ணன் மட்டும் அந்த மங்கலைப் பார்த்தபடி நின்றார். சுண்டல் தீர்ந்துபோனது.

வீட்டுக்கு வந்து கந்தம்மாளிடம் சொன்னார். நட்சத்திரத்துக்கு அவர் பேச்சில் வெள்ளி என்றுதான் பேர்.

"மஞ்ச எதனாலன்னு தெரிஞ்சு போச்சு புள்ளே. வெள்ளிதான். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை உடுது. மேக்கால ரெண்டு அகத்தி சாஞ்சுபோச்சுல்ல, அந்தச் சந்துல பூந்து இலைக்குள்ள இருக்கிற காத்தைப் பிச்சுப்போடுது."

"யாரு சொன்னது?"

"வாத்தியாரு. கொடிக்காலைப் பத்தியேதான் சொன்னாரு. இதுக்கு எல்லைகூட இருக்குதாம். நம்ம பாத்தியப் பாரு, அஞ்சாவது பாத்தி வரைக்கும் மஞ்ச, ஆறாவதுல சுத்தப் பச்ச. கோடு போட்டாப்பல இல்ல?"

ஆறாவது பாத்தி ஒரு முழம் மேடு. தண்ணீர் அங்கே ஏறாது. கந்தம்மாள் அதைச் சொன்னாள். வானத்திலிருந்து வருகிற வெளிச்சத்துக்கு மேடென்ன பள்ளமென்ன என்று அவர் கேட்டார்.

மறுநாள் பொழுதோடு வீட்டிலிருந்த நாலு கோரைப்பாயையும் எடுத்துப்போய் அகத்திக் கிளைகளில் மறைப்பாகக் கட்டினார். போதவில்லை. சாக்குப் பை, தென்னந்தடுக்கு, கந்தம்மாளின் இரண்டு பழைய சேலை எல்லாம் ஏறின. விடிந்ததும் அவிழ்த்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் மறுபடி கட்டுவது. கட்டுவதற்குக் கந்தம்மாளும் கமலவேணியும் கயிறு பிடிக்க வேண்டும்.

"ஏனுங்க, நாங்க எதுமேல படுக்கறது?"

"பத்து நாளைக்குத் தரையில படுத்தா என்ன? நீ பிஞ்சா போயிருவே? ஊட்டுக்கு ஓடு போட்டிருக்குது."

பக்கத்துக் கொடிக்கால்காரர்கள் முதல் இரண்டு நாள் வரப்பில் நின்று சிரித்தார்கள். மூன்றாம் நாள், இந்த மனுஷனுக்கு இத்தனை பாடு எதற்கென்று ஒருவருக்குச் சந்தேகம் தட்டியது. தன் கொடிக்காலுக்குள் போய் உற்றுப் பார்த்தார். எந்தக் கொடிக்காலிலும் உற்றுப் பார்த்தால் நாலு மஞ்சள் இலை இருக்கத்தான் செய்யும். ஒரு வாரத்துக்குள் வாய்க்கால் ஓரம் நெடுக ஒன்பது கொடிக்கால்களில் பாய் தொங்கியது. கட்டாதவள் ஆராயி ஒருத்திதான். புருஷன் இல்லாமல் தனியாகக் கொடிக்கால் பார்க்கிறவள். "எனக்கு இருக்கறது ஒரே பாயி. வெள்ளி வேணும்னா வந்து என்ற கூடப் படுத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

பாய் கட்டியவர்களுக்குள் ஒரு பிரச்சினை வந்தது. அந்த மூன்று நட்சத்திரத்துக்குப் பக்கத்தில்தான் திருவாதிரை இருக்கிறது. மார்கழி மாதத்தில், சிவனுடைய நட்சத்திரத்துக்கு எதிரே கந்தல் சாக்கைத் தொங்கவிடலாமா? ஐந்து பேர் வாத்தியாரிடம் போனார்கள். இவர்கள் எதற்காகக் கேட்கிறார்கள் என்று அறியாமலே வாத்தியார், "திருவாதிரை சிவப்பு நட்சத்திரம். அதுக்கு அவ்வளவு சூடு கிடையாது. அது எதையும் பிய்க்காது" என்றார்.

"அப்ப சிவன் பேருல குத்தமில்லீங்க?"

"அவர் பேர்ல என்ன குத்தம்?"

ஐந்து பேரும் நிம்மதியாகத் திரும்பினார்கள். திருவாதிரை இருக்கிற திக்குக்கு மட்டும் கிழியாத நல்ல பாயாகக் கட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று.

தை பிறக்க ஐந்து நாள் இருந்தது. கந்தம்மாள் பள்ளிக்கூடத்துக்கே போய் வகுப்பு வாசலில் நின்றாள்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லிப்போட்டீங்க. என்ற ஊட்டுல படுக்கப் பாயில்லை. பத்தாந்தேதி நிச்சயத்துக்கு ஒறம்பரை வருது. வந்து உங்க வெள்ளியத் திருப்பிக் கூட்டிக்கிட்டுப் போங்க."

வாத்தியார் வந்தார். கொடிக்காலில் தொங்கின பாய்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். தன் பேச்சை ஒருத்தர் இத்தனை கவனமாகக் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஆனாலும் நியாயமான மனுஷர், மறைக்காமல் சொன்னார்.

"காளியண்ணா, அந்த ஒளி இங்கே வரவே வராது. ஆயிரம் வருஷத்துக்கு மேல வழி. வழியில இருக்கிற வாயுவே அதைக் குடிச்சுத் தீர்த்துடும்."

"குடிச்சது போக மிச்சமுங்க?"

"மிச்சம் கிடையாது. அப்படியே வந்தாலும் நம்ம தலைக்கு மேல இருக்கிற காத்து தடுத்துடும்."

"தடுக்கோணுமுன்னா வந்தாத்தானுங்களே தடுக்க முடியும்? வராததை ஆராச்சும் தடுப்பாங்களா?"

உடனே காளியண்ணன் தன் மனசில் இருந்த அடுத்த சந்தேகத்தைக் கேட்டார். "பகல்ல இந்த வெள்ளியெல்லாம் எங்கீங்க போகுது?"

"எங்கேயும் போறதில்லை. பகல்லயும் வானத்துல இருக்கு. வெளிச்சத்துல நமக்குத் தெரியறதில்லை, அவ்வளவுதான்."

சொல்லி முடித்ததும் வாத்தியாருக்கே தெரிந்துவிட்டது. கந்தம்மாள் அவரைப் பார்த்த பார்வையில் காபி தருகிற எண்ணமே இல்லை.

அன்று முதல் பாய்கள் பகலிலும் இறங்கவில்லை. மற்ற எட்டுப் பேருக்கு அந்த அளவு பாய் தாராளம் இல்லாததாலும், கயிறு பிடித்த பெண்டாட்டிகள் திட்டியதாலும் ஒவ்வொருவராக அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். காளியண்ணன் மட்டும் விடவில்லை. ஐந்து பாத்தியும் இரவு பகலாக மூடிக் கிடந்தன. பத்துப் பதினைந்து நாளில் இலைகள் மஞ்சள் விளிம்பெல்லாம் போய், முழுக்க முழுக்க ஒரே நிறமாக மாறின. பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை. பால் ஊற்றிக் கழுவினாற்போல வெளுத்துப் போயிருந்தன.

"பாத்தியா? விளிம்பு சரியாப் போச்சு" என்றார்.

கந்தம்மாள் நேராக ஆராயி வீட்டுக்குப் போய், நிச்சயத்துக்கு ஒரு கவுளி பச்சை வெற்றிலை வேண்டும், யாருக்கும் தெரியக் கூடாது என்றாள். நூறு இலை.

"உங்கூட்டுக்காரரு கண்டா?"

"அவரு கண்ணு அண்ணாந்தே கெடக்குது. தட்டு கீழதானே இருக்கும்."

நிச்சயத்தன்று காலையில் ஆராயியின் வெற்றிலை, அடுப்படியில் ஒரு குண்டாவுக்குள் ஈரத்துணி சுற்றிக் காத்திருந்தது. காளியண்ணன் விடியலிலேயே கட்டைவிரலில் இரும்பு நகத்தை மாட்டிக்கொண்டு போய், மூடின பாத்தியிலிருந்து நூறு இலை கிள்ளி வந்து தட்டில் அடுக்கி வைத்துவிட்டார். அதைக் கடைசி நிமிஷத்தில் மாற்றிவிடுவது என்பது கந்தம்மாளின் ஏற்பாடு. புருஷனுக்கு ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தாள்.

"தட்டு மாத்தற வரைக்கும் வானத்தைப் பத்திப் பேச்செடுக்கப்படாது. மழை வந்தாக்கூட என்னையக் கேட்டுப்போட்டுத்தான் அண்ணாந்து பாக்கோணும்."

நாமக்கல் பஸ்ஸிலிருந்து இறங்கிய எட்டுப் பேரும் வாய்க்கால் ஓரமாகத்தான் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா வெங்கடாசலம் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அங்கென்னுங்க, பாய் யாவாரமுங்களா?" என்பதுதான்.

"காயப் போட்டிருக்குதுங்க" என்றாள் கந்தம்மாள் கதவோரத்திலிருந்து. காளியண்ணன் வாயைத் திறந்து, அவளைப் பார்த்து, மூடிக்கொண்டார். லக்கினப் பத்திரிகை எழுத வாத்தியார் மாரியப்பனையே கூப்பிட்டிருந்தார்கள். அவர் ஒரு மூலையில் பேனாவோடு, தன்னால் ஆன வரைக்கும் சிறிதாக உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மழை, மாடு, சண்டைக்கு ஆள் எடுப்பது, சீமெண்ணெய் கிடைக்காதது. அப்புறம் காளியண்ணன் பெண்ணைப் பெற்றவர் கேட்க வேண்டிய கேள்வியாகத்தான் ஒன்றைக் கேட்டார்.

"மாப்பிள்ளை எங்கீங்க படுப்பாரு?"

"களத்துலதானுங்க" என்றார் வெங்கடாசலம். "கடலைக்காய்க்குக் காவல். பதினஞ்சு வயசுலருந்து ராத்திரி ஊட்டுக்குள்ள படுத்ததே இல்லீங்க. வானத்துக்குக் கீழதான்."

பையனுடைய உழைப்பைச் சொல்லிவிட்ட நிறைவோடு அவர் எல்லோரையும் பார்த்தார். காளியண்ணனுடைய முகம் சுருங்கிவிட்டது. வாசலில் நின்ற மாப்பிள்ளையை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார்.

"பதினஞ்சுலருந்து இருவத்திமூணு. எட்டு வருசம். ஒரு மறைப்புமில்லாம" என்றார் மெதுவாக. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்தச் சம்பந்தத்தைச் சித்தெ யோசிக்கோணுமுங்க" என்றார்.

உள்ளே வளையல் சத்தம் நின்றது. கமலவேணி இரண்டு மாதமாக அந்தப் பையனை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவள் அம்மாவுக்கு மட்டும் தெரியும். வெங்கடாசலத்தின் கழுத்து நிமிர்ந்தது.

"எதுக்குங்க யோசனை?"

இனி ஒரு வார்த்தை போனால் எட்டுப் பேரும் எழுந்துவிடுவார்கள். கந்தம்மாள் கைக்கு அகப்பட்ட தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். "அண்ணா, மொதல்ல வெத்தலை போடுங்க. பேச்சு எங்க ஓடிப்போகுது?" என்று இரண்டு இலையை அவர் கையில் திணித்தாள். திணித்த பிறகுதான் பார்த்தாள். வெளுத்த இலை. ஆராயியின் பச்சை, குண்டாவிலேயே இருந்தது.

வெங்கடாசலம் அந்த இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூட வந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கையில் வாங்கியதைக் கீழே வைப்பது மரியாதை இல்லை என்பதால் சுண்ணாம்பு தடவி அப்போதைக்கு வாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, இடுப்பில் கையை விட்டு எதையோ துழாவினார். அவருக்கு மேலே இடது பக்கம் இரண்டு பல், கீழே வலது பக்கம் இரண்டு. ஒன்றை ஒன்று சந்திக்காத பற்கள். எங்கே போனாலும் இடுப்பில் ஒரு சின்ன இரும்பு உரலைக் கட்டிக்கொண்டு போய், வெற்றிலையை இடித்துத்தான் போடுவார். உரலை எடுப்பதற்குள் அவர் கை நின்றுவிட்டது. வாய் அசைந்தது. மறுபடி அசைந்தது.

"கரைஞ்சு போச்சுங்க" என்றார்.

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"வெண்ணெயாட்டக் கரைஞ்சு போச்சு. இன்னொண்ணு குடுங்க." அதையும் போட்டார். "பன்னெண்டு வருசத்துல இடிக்காம நான் தின்ன வெத்தலை இதுதான். இதென்னுங்க சாதி?"

காளியண்ணனுக்குக் கட்டளையெல்லாம் மறந்துவிட்டது. கருவிலிருந்து எலக்ட்ரான் ஓடுவது முதல் கோரைப்பாய் வரை ஒன்று விடாமல் சொன்னார். வெங்கடாசலம் மென்றுகொண்டே கேட்டார்.

"வெள்ளி வெளிச்சம் படாத வெத்தலைங்களா?"

"ஒரு பொட்டுப் படலீங்க."

மூலையில் வாத்தியாருக்குத் தாங்கவில்லை. கந்தம்மாள் கண்ணால் கெஞ்சியதையும் அவர் பார்த்தார். ஆனாலும் ஒரு ஊரையே தப்பான வழியில் விட்டுவிட்ட பாரம் இருபது நாளாக அவர் நெஞ்சில் இருந்தது. "மன்னிக்கணும். இது நட்சத்திரத்தால இல்லை. சூரிய வெளிச்சம் படாததால இலை வெளுத்து மெதுவாயிருக்கு. அவ்வளவுதான்" என்றார்.

வெங்கடாசலத்தின் வாய் அசைவது நின்றது. காளியண்ணன் வாத்தியாரைப் பார்த்தார். கோபமில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்கிற ஆசைதான்.

"சூரியன் என்னுங்க வாத்தியாரய்யா?"

"என்னன்னா?"

"அதென்ன வஸ்துன்னு கேக்கறேனுங்க."

மாரியப்பன் பேனாவை மூடினார், திறந்தார். விஞ்ஞானத்தில் பொய் சொல்ல அவரால் முடியாது. "அதுவும் ஒரு நட்சத்திரந்தான்" என்றார்.

"அப்பறம் என்னுங்க!" என்றார் வெங்கடாசலம்.

இதற்குப் பிறகு வாத்தியாரை யாரும் பேச விடவில்லை. பையன் விஷயம் மட்டும் பாக்கி இருந்தது. "பிஞ்சது திரும்ப ஒட்டுமுங்களா?" என்று காளியண்ணன் அவரிடம் கேட்டார். அவர் களைத்துப்போய், "ஒட்டும், ஒட்டும்" என்றார். இன்றைக்கு ராத்திரியிலிருந்தே பையனை ஓட்டுக்கு அடியில் படுக்க வைப்பதாக வெங்கடாசலம் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். பதிலுக்கு அமாவாசைக்கு அமாவாசை ஒரு கவுளி வெள்ளை இலை சேந்தமங்கலத்துக்கு வந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தட்டு மாற்றினார்கள். ஆராயியின் பச்சை வெற்றிலையைக் கந்தம்மாள் மாட்டுக்கு வைத்தாள்.

மாசியில் கல்யாணம். அதற்குப் பிறகு காளியண்ணன் இருந்த பதினோரு வருஷமும் இரண்டு பாத்தியை மூடியே வைத்திருந்தார். மற்ற மூன்று பாத்திக்குக் கந்தம்மாள் ஆள் விட்டு வடிகால் தோண்டினாள். பச்சை திரும்பியது. அதற்கு அவர் தனியாக ஒரு காரணம் வைத்திருந்தார்.

கல்யாணம் முடிந்து வந்த முதல் சித்திரை நோம்பிப் பண்டிகைக்குக் கமலவேணி தாய் வீட்டுக்கு வந்தாள். கந்தம்மாள் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, "மாப்பிள்ளை ஊட்டுக்குள்ள நல்லாத் தூங்கறாரா?" என்று கேட்டாள்.

கமலவேணி அப்பா எங்கே என்று பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "எங்க தூங்கறது? மோட்டுவளையப் பாத்தா அவிகளுக்கு மூச்சு முட்டுதாம். மாமன் கொறட்டை உட்டதும் பாயச் சுருட்டிக்கிட்டுக் களத்துக்குப் போயர்றாங்க."

"நீ?"

"நானுந்தான். அங்க காத்தா இருக்குதும்மா."

கந்தம்மாள் மகளை நன்றாகப் பார்த்தாள். கன்னம் கொஞ்சம் பூசினாற்போல இருந்தது. எங்கேயும் எதுவும் பிய்ந்து போனதாகத் தெரியவில்லை.

"உங்கப்பன்கிட்டச் சொல்லிப்போடாத" என்றாள். நாளைக்கு அமாவாசை. உன் மாமனாருக்குக் கவுளி கட்ட வேண்டும், வந்து ஒரு கை பிடி என்று மகளைக் கூட்டிக்கொண்டு கொடிக்காலுக்குப் போனாள்.